ஆர்வி-7: வீல் பேண்ட் ஃபேரிங், கவுலிங் வெளிவாய். வேகம் நிஜமாகவே கூடியதா என்று எப்படிச் சோதிப்பது?

காற்றாடி76:
வணக்கம். டெக்ஸாஸில் இருக்கிறேன். வேறொருவர் கிட்டிலிருந்து கட்டிய வான்ஸ் ஆர்வி-7 சிறு விமானம் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். 180 குதிரைத்திறன் லைகாமிங் ஓ-360, கான்ஸ்டன்ட் ஸ்பீட் ப்ரொப்பல்லர், டெயில்வீல். சக்கரத்தின் கால்தண்டு வீல் பேண்டுக்குள் (சக்கரத்தை மூடும் உறைக்குள்) நுழையும் இடம் இதுவரை மொட்டையாக, இடைவெளியோடு இருந்தது. அங்கே ஃபைபர் கிளாஸில் வளைவாக ஒரு ஃபேரிங் (காற்று வழுக்கிப் போக வைக்கும் மூடி) செய்து மாட்டியிருக்கிறேன். ஒட்டவில்லை, ஸ்க்ரூதான். வேண்டும்போது கழற்றலாம்.

8,000 அடியில் த்ராட்டிலை முழுக்கத் திறந்து 2,500 சுற்றில் வைத்தால், ஏர்ஸ்பீட் இண்டிகேட்டர் முன்னைவிட 4 நாட் கூடுதலாகக் காட்டுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனசு நம்ப மறுக்கிறது. முன்பு குறித்து வைத்தது ஆகஸ்ட் மாதம், இப்போது ஜனவரி. அடுத்ததாக எஞ்சின் கவுலிங்கின் (எஞ்சினை மூடும் உறையின்) அடியில் காற்று வெளியேறும் வாயைச் சுருக்க ஆசை. அதில் கை வைக்கும் முன் அளக்கும் முறையை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

மெக்கானிக்மாமா:
சந்தேகப்பட்டது ரொம்பச் சரி தம்பி. அந்த 4 நாட்டை முதலில் ஓரமாக வையுங்கள்.

இண்டிகேட்டர் வேகத்தை அளப்பதில்லை, பிட்டோ குழாயில் வந்து மோதும் காற்றின் அழுத்தத்தை அளக்கிறது. காற்று அடர்த்தியானால் அதே நிஜ வேகத்துக்கு முள் மேலே ஏறும். ஆகஸ்டில் 8,000 அடியில் 16 டிகிரி செல்சியஸ் இருந்தது, ஜனவரியில் 0 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். அதன் வர்க்கமூலம்தான் இண்டிகேட்டருக்குப் போகும், அதாவது 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. 150 காட்டிய முள் 154 காட்டிவிடும். ஃபேரிங்கைத் தொடாமலே உங்கள் 4 நாட் வந்துவிட்டது, பாருங்கள்.

வேறொரு பக்கத்திலிருந்தும் யோசியுங்கள். அந்த வேகத்தில் இழுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 170 நாட் ஓடும் விமானம் 174 ஓட வேண்டுமென்றால் 7 சதவீதச் சக்தி வேண்டும். எஞ்சின் 135 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்தால், ஒன்பதரைக் குதிரைத்திறனை இரண்டு ஃபேரிங் மிச்சம் பிடித்துத் தந்தது என்று அர்த்தம். வீல் பேண்டே இல்லாத விமானத்துக்கு முழு செட்டும் மாட்டினால் இதைவிட அதிகமாகவே கிடைக்கும். மூட்டுக்கு மட்டும் இவ்வளவு என்றால் நான் யோசிப்பேன்.

வாலாட்டி:
மாமா சொன்னதோடு சேர்த்து: இண்டிகேட்டரை மறந்துவிட்டு ஜிபிஎஸ் தரைவேகத்திலிருந்து ட்ரூ ஏர்ஸ்பீடை (காற்றுக்குள் விமானம் ஓடும் நிஜ வேகத்தை) எடுங்கள். நான் செய்வது நாலு திசை முறை. ஆட்டோபைலட்டை ஹெட்டிங் மோடில் (மூக்கு பார்க்கும் திசையைப் பிடிப்பது) வைத்து 360, 090, 180, 270 என்று நாலு பக்கமும் பறக்க வேண்டும். ட்ராக் மோடில் (தரையில் போகும் தடத்தைப் பிடிப்பது) வைத்தால் கணக்கே வேறு, அதைக் கவனியுங்கள். ஒவ்வொரு பக்கமும் வேகம் நிலைத்தபிறகு தரைவேகத்தைக் குறிக்க வேண்டும். திரும்பி முடித்ததும் எழுதாதீர்கள், இழந்த வேகம் திரும்பி வர இரண்டு நிமிடமாவது ஆகும்.

உதாரணம். நாலு பக்கமும் 153, 181, 188, 161 என்று வந்தது என்று வைப்போம். நேராகச் சராசரி எடுத்தால் 170.75. அது சரியான விடை இல்லை. நாலையும் வர்க்கம் எடுத்து, அதன் சராசரியைப் பாருங்கள்: 29,359. இது ட்ரூ ஏர்ஸ்பீடின் வர்க்கமும் காற்றின் வேகத்தின் வர்க்கமும் சேர்ந்த தொகை. எதிரெதிர்ப் பக்கங்களின் வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம் 20 நாட் என்று கிடைக்கும். அதன் வர்க்கம் 400-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 170.2 நாட்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நாலாவது பக்கம் மற்ற மூன்றையும் காட்டிக்கொடுக்கும். வடக்கு தெற்கு வர்க்கங்களின் கூட்டலும் கிழக்கு மேற்கு வர்க்கங்களின் கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். மேலே உள்ளதில் 58,753, 58,682. வித்தியாசம் 71, தரைவேகத்தை முழு எண்ணாக வெட்டியதால் வந்த பிசிறு. ஐநூறு, ஆயிரம் என்று வந்தால் நடுவில் காற்று மாறிவிட்டது, இல்லையென்றால் நீங்கள் உயரத்தைப் பிடிக்கவில்லை. அந்த ஓட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி பறக்க வேண்டியதுதான்.

புதுபைலட்:
ஒரு சின்னக் கேள்வி. போய், திரும்பி வந்து, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதாதா? காற்று அடிபட்டுப் போய்விடுமே? எதற்கு இத்தனை வர்க்கம்?

வாலாட்டி:
காற்று நேராக எதிரில் அல்லது பின்னால் இருந்தால் போதும். பக்கவாட்டில் வந்தால்தான் தகராறு. விமானம் 170, காற்று பக்கத்திலிருந்து 20 என்று எடுங்கள். முகத்தை நேராக வைத்துப் பறந்தால் காற்று உங்களைப் பக்கவாட்டில் தள்ளும், தரைவேகம் போகும்போதும் 171.2, வரும்போதும் 171.2. தடத்தை நேராக வைத்துப் பறந்தால் இரண்டு பக்கமும் 168.8. ஒரே விமானம், ஒரே காற்று, ஆனால் பறந்த விதத்தை மட்டும் மாற்றி 2.4 நாட் "சம்பாதிக்க" முடிகிறது. பத்திரிகையில் விளம்பரம் வரும் பாதி ஸ்பீட் மாட்கள் (வேகம் கூட்டும் மாற்றங்கள்) இதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன!

ஹெட்டிங் அளவீட்டில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு மூன்று பக்க முறை இருக்கிறது. தரைவேகத்தையும் தடத்தையும் சேர்த்துக் குறித்தால் திசைகாட்டியே தேவையில்லை. மூன்று புள்ளிகள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால், அதன் ஆரம்தான் ட்ரூ ஏர்ஸ்பீட். எக்செல் ஷீட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

சுருளி:
எல்லாரும் கோபப்படக் கூடாது. நானும் ஆர்விதான் ஓட்டுகிறேன். பொழுதுபோக்குக்குப் பறக்கிறவனுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டுமா? நான் ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை கேலன், எவ்வளவு நேரம் என்று எழுதி வைக்கிறேன். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. பெட்ரோல் செலவு குறைந்ததா என்பதுதானே கடைசிக் கேள்வி?

மெக்கானிக்மாமா:
செலவுக் கணக்குக்கு அது சரி. ஆனால் எந்த மாற்றம் எவ்வளவு கொடுத்தது என்று அதில் தெரியாது. வருஷத்துக்குள் நீங்கள் மிக்சரை ஒடுக்கும் விதமே மாறியிருக்கும். இக்னிஷனை மாற்றியிருப்பீர்கள், டயர் மாறியிருக்கும். மாற்றம் ஒன்று, சோதனை ஒன்று. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காற்றாடி76-க்கு இன்னும் சில. ஆல்டிமீட்டரை 29.92-இல் வையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே டென்சிட்டி ஆல்டிடியூடில் (காற்றின் அடர்த்தியை வைத்துக் கணக்கிடும் உயரம்) சோதியுங்கள், ஒரே பிரஷர் ஆல்டிடியூடில் (29.92-இல் ஆல்டிமீட்டர் காட்டும் உயரம்) அல்ல. 8,000 அடியில் ஸ்டாண்டர்ட் வெப்பநிலை மைனஸ் 1. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி கூட்டிக்கொள்ளுங்கள். வெளியில் 14 டிகிரி என்றால் நீங்கள் நிற்பது 9,800 அடி. அன்றைக்குக் கீழே இறங்கிச் சோதிக்க வேண்டும்.

அந்த வெப்பநிலையைச் சொல்லும் ப்ரோப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் காற்று வெளியேறும் பாதையில் அடிவயிற்றில் வைத்திருந்தால் பொய் சொல்லும். நல்ல இடத்தில் இருந்தாலும் 170 நாட்டில் காற்று மோதி நிற்பதாலேயே 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சூடு ஏறும். அதில் எவ்வளவைப் ப்ரோப் காட்டுகிறது என்பது ப்ரோப்பைப் பொறுத்தது. ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையில் இந்தப் பிழை இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்து கழிந்துவிடும், அது ஒரு நிம்மதி.

எடை, சிஜி (எடையின் மையம்) இரண்டும் ஒன்றாக இருக்கட்டும். சிஜி பின்னால் போனால் வால் கீழ்நோக்கி அழுத்துவது குறையும், விமானம் கொஞ்சம் வேகமாகவே ஓடும். ஃபேரிங் மாட்டிய அன்று பின்னால் ஒரு பெட்டி இருந்தது என்றால் அது பெட்டியின் வேகம்.

கடைசியாக யாரும் பேசாத ஒன்று: மேலும் கீழுமாக நகரும் காற்று. உங்கள் விமானம் 1,700 பவுண்ட் என்று வையுங்கள். சுற்றியுள்ள காற்று நிமிடத்துக்கு 100 அடி மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது, நீங்கள் உயரத்தைப் பிடித்துப் பறக்கிறீர்கள். கணக்குப் போட்டால் அந்தக் காற்று உங்களுக்கு 5 குதிரைத்திறனுக்கு மேல் இலவசமாகத் தருகிறது. ப்ரொப்பல்லர் நஷ்டத்தையும் சேர்த்தால் எஞ்சினிலிருந்து ஆறுக்கு மேல். வேகத்தில் இரண்டரை நாட். 100 அடி என்பது உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியவே தெரியாது, குலுக்கலும் இருக்காது. மலைக்குக் கீழ்க்காற்றுப் பக்கம் வழுவழுவென்று இருக்கும் அலைக் காற்றுதான் இதில் மோசம். சூரியன் எழுந்த கையோடு, சமவெளி மேல், காற்று மந்தமாக இருக்கும் நாளில் பறங்கள்.

கேனார்ட்காரன்:
லாங்-ஈஸி விமானம் ஓட்டுகிறேன், கலிபோர்னியா. மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே அடியில் தாண்ட ஒரு வழி இருக்கிறது: பக்கத்தில் இன்னொரு விமானம். இரண்டு பேரும் ஒரே காற்றில், ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் பறக்கிறீர்கள். அவர் எதையும் மாற்றுவதில்லை, செட்டிங்கைத் தொடுவதில்லை. நீங்கள் முழு த்ராட்டிலில் அவரை நிமிடத்துக்கு எத்தனை அடி முந்துகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். 1 நாட் என்பது நிமிடத்துக்கு 101 அடி. அரை நாட் வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியும். வெப்பம், காற்று, அலை எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்று.

ஆனால் ஃபார்மேஷன் (அருகருகே சேர்ந்து பறக்கும்) பயிற்சி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். அமெரிக்க விதிப்படியே இரண்டு பைலட்டும் முன்கூட்டிப் பேசி ஒப்புக்கொள்ளாமல் ஃபார்மேஷனில் பறக்கக் கூடாது. நடுவில் நல்ல இடைவெளி வையுங்கள். டாஷ்போர்டைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும்.

இன்னொன்று. ஸ்டேட்டிக் போர்ட்டை (சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தை இண்டிகேட்டருக்குத் தரும் துளையை) தொட்டிருக்கிறீர்களா? ஆர்வியில் ஃபியூசலாஜ் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாதாரணப் பாப் ரிவெட்தான் ஸ்டேட்டிக் போர்ட். அதன் தலை கொஞ்சம் புடைத்திருப்பது வேண்டுமென்றே. அழகாக இருக்கட்டும் என்று மட்டமான ஃபிட்டிங் போட்டவர்கள் ஒரே நாளில் பல நாட் மாறியதைப் பார்த்திருக்கிறார்கள். வேகம் மாறவில்லை, அளவுதான் மாறியது.

காற்றாடி76:
ரிவெட்டைத் தொடவில்லை. ப்ரோப் இறக்கைக்கு அடியில் ஆக்ஸஸ் தகட்டில் இருக்கிறது, பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஃபேரிங்கைச் சுற்றிக் காற்று ஒழுங்காக ஒட்டிப் போகிறதா என்று பார்க்க நூல் ஒட்டினால் போதுமா?

கேனார்ட்காரன்:
தாராளமாக. பின்னல் கம்பளி நூல், மூன்று நாலு அங்குலம், ஒரு முனையில் மட்டும் டேப். இறக்கையின் அடியில் சின்னக் கேமராவை மாட்டி வீல் பேண்டின் பின்பாதியைப் பார்க்க வையுங்கள். நூல் பின்னோக்கிச் சீராகக் கிடந்தால் நல்லது. சுழன்றால், முன்னோக்கித் திரும்பினால், அந்த இடத்தில் காற்று பிய்ந்துகொண்டு போகிறது. வேக எண் "கூடவில்லை" என்று மட்டும் சொல்லும், எங்கே என்று நூல்தான் காட்டும். ஆனால் நூல் ஒட்டியபடி வேகத்தை அளக்காதீர்கள், நூலுக்கும் இழுவிசை உண்டு.

கால்தண்டு ஃபேரிங்கின் நேர்கோட்டையும் பாருங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது சுக்கான் போல விமானத்தை இழுக்கும். விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்காது. நீங்கள் காலால் ரடரை மிதித்துச் சரி செய்தபடி பறந்தால் வேகம் அதில் போய்விடும். விமானத்தைத் தூக்கி நிறுத்தி, நடுக்கோட்டுக்கு நூல் கட்டி, இரண்டு ஃபேரிங்கையும் அதற்கு அளந்து பார்க்க வேண்டும்.

புதுபைலட்:
நான் கிளப்பின் செஸ்னா 172 ஓட்டுகிறேன். இதெல்லாம் அதற்கும் செய்யலாமா?

மெக்கானிக்மாமா:
அளக்கலாம், மாற்ற முடியாது. அது டைப் சர்டிஃபிகேட் (அரசு அங்கீகரித்த வடிவமைப்பு) உள்ள விமானம். அதில் ஏற்றும் பெரிய மாற்றத்துக்கு எஸ்டிசி (துணை டைப் சர்டிஃபிகேட்) போல அங்கீகரிக்கப்பட்ட தரவு வேண்டும், லைசென்ஸ் உள்ள மெக்கானிக் மாட்ட வேண்டும், ஃபார்ம் 337 (பெரிய மாற்றத்தைப் பதியும் படிவம்) போக வேண்டும். காற்றாடியின் விமானம் எக்ஸ்பெரிமென்டல் (தனியார் கட்டிய விமானத்துக்கான வகை), அதனால் அவரே கை வைக்கலாம், கட்டியவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பெரிய மாற்றம் என்றால் ஆபரேட்டிங் லிமிடேஷன்ஸ் தாள் (அந்த விமானத்தைப் பறப்பதற்கான நிபந்தனைகள்) பொதுவாக அமெரிக்க விமானத்துறையான எஃப்ஏஏ-க்குத் தெரிவிக்கச் சொல்லும், குறைந்தது 5 மணி நேரம் ஃபேஸ் 1-க்கு (சோதனைப் பறப்புக் கட்டத்துக்கு) திரும்பச் சொல்லும். அந்த நேரத்தில் ஊரைத் தாண்டிய பகுதியில், பயணி இல்லாமல் பறக்க வேண்டும். தாளை எடுத்து வரி வரியாகப் படியுங்கள், ஒவ்வொரு விமானத்துக்கும் எழுதியது ஒன்றாக இருக்காது.

சுருளி:
சர்டிஃபைட் விமானத்திலும் இழுவிசையைக் குறைத்துச் சாதித்தவர்கள் உண்டு. மூனி 201-ஐ எடுங்கள். 1970-களில் வடிவமைப்பாளர் ராய் லோப்ரெஸ்டி முந்தைய மாடல் எம்20எஃப்-இன் அதே 200 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு முன்கண்ணாடியைச் சாய்த்து, கவுலிங்கை மாற்றி, அங்கங்கே இருந்த ஓட்டை இடுக்குகளை மூடினார். மணிக்கு 201 மைல் வந்தது, பெயரும் அதுவே ஆனது. ஒரே பெரிய மாற்றம் என்று எதுவுமில்லை.

மெக்கானிக்மாமா:
அதேதான். ஆனால் அவர்கள் ஒவ்வொன்றையும் அளந்தார்கள் சுருளி!

காற்றாடி76:
வாரயிறுதிகளில் காலை வேளையாகப் பார்த்துப் பறந்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரே டென்சிட்டி ஆல்டிடியூட், ஒரே எடை, டேங்க் இரண்டும் ஒரே அளவு. முதலில் ஃபேரிங்கைக் கழற்றிவிட்டு, அப்புறம் மாட்டி, மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி. நாலு திசை முறை, வர்க்கச் சோதனையில் தோற்றவற்றைக் குப்பையில் போட்டேன்.

கழற்றிய நிலையில் சராசரி 168.4, 168.9. மாட்டிய நிலையில் 170.3, 170.0. ஆக, ஒன்றரை நாட். சக்தியில் பார்த்தால் இரண்டேமுக்கால் சதவீதம்.

வாலாட்டி:
அருமை. கழற்றியவற்றுக்குள்ளேயே அரை நாட் வித்தியாசம் இருக்கிறது, கவனித்தீர்களா? அதுதான் உங்கள் அளவுகோலின் தடிமன். ஒன்றரை அதைத் தாண்டி நிற்கிறது, அதனால் நம்பலாம். 0.4 வந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். மாட்டி, கழற்றி, மாட்டிப் பார்த்ததுதான் இதில் முக்கியம். ஒரு முறை மட்டும் மாட்டிப் பார்த்திருந்தால் அன்றைய வானிலைக்கும் ஃபேரிங்குக்கும் வித்தியாசம் தெரியாது.

காற்றாடி76:
சரி, இப்போது கவுலிங் வெளிவாய். உள்ளே நுழையும் காற்று சிலிண்டர் இடுக்குகளில் வேகத்தை இழந்து, வெளியே வரும்போது சோம்பலாக வருகிறது, அதுவே இழுவிசை. வாயைச் சுருக்கினால் வேகமாக வெளியேறும் என்பது புரிகிறது. எவ்வளவு சுருக்கலாம் என்பதுதான் கேள்வி. அலுமினியத் தகட்டில் ஸ்க்ரூ போட்டு மாட்டும் தட்டிகள் இரண்டு அளவில் வெட்டி வைத்திருக்கிறேன்.

மெக்கானிக்மாமா:
நில்லுங்கள். முதலில் எஞ்சினுக்கு மேலேயும் கீழேயும் அழுத்தத்தை அளங்கள். மேல் பக்கம் ஒரு குழாய், கீழ்ப் பக்கம் ஒரு குழாய், இரண்டும் கேபினுக்குள் வந்து, யு வடிவத்தில் வளைத்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் சாயம் கலந்த தண்ணீர். அவ்வளவுதான் கருவி. குழாய் முனையில் காற்று நேராக மோதாதபடி சிறு துளைகள் இட்ட அடைத்த குழாயாக வையுங்கள். 150 நாட் கேலிப்ரேட்டட் (கருவிப் பிழை நீக்கிய) வேகத்தில் மோதும் காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 15 அங்குலத் தண்ணீர். அதில் எவ்வளவு சிலிண்டர்களுக்குக் குறுக்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு தட்டிக்கும் அது எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள். பேஃபிள் (காற்றைச் சிலிண்டர்களுக்குள் திருப்பும் தடுப்புத் தகடு) ரப்பர் பட்டையில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பதே தட்டியைவிட அதிகம் தரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரூஸில் சிஎச்டி (சிலிண்டர் தலையின் வெப்பநிலை) நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பரீட்சை ஏறும்போதுதான்: முழுச் சக்தி, குறைந்த வேகம், வெயில். ஜனவரியில் சோதித்தால் வெயில் நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எஃப்ஏஏ-வின் பழைய பார்ட் 23 கணக்கு இது: கடல் மட்டத்தில் 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஆயிரம் அடிக்கு 3.6 டிகிரி குறைத்துக்கொண்டு போக வேண்டும். 6,000 அடியில் வெயில் நாள் என்பது 78. உங்களுக்கு அங்கே 50 இருந்தால் 28-ஐ சிஎச்டியில் அப்படியே கூட்டுங்கள். 395 காட்டினால் ஆகஸ்டில் 423. லைகாமிங்கின் உச்ச வரம்பு 500, நீண்ட ஆயுளுக்கு அவர்களே 435-க்குள் வைக்கச் சொல்கிறார்கள். 400-ஐத் தாண்டினாலே எனக்குப் பிடிக்காது.

கேனார்ட்காரன்:
வேகம் கூடிய விமானத்துக்கு ஒரு எச்சரிக்கை. ஃப்ளட்டர் (இறக்கை, வால் பகுதிகள் கட்டுக்கடங்காமல் படபடப்பது) ட்ரூ ஏர்ஸ்பீடைப் பார்த்து வரும், இண்டிகேட்டரைப் பார்த்து அல்ல. ஆர்வி-7-க்கு அதன் தயாரிப்பாளர் வான்ஸ் சொல்லும் விஎன்இ (ஒருபோதும் தாண்டக் கூடாத வேகம்) மணிக்கு 230 மைல், 200 நாட். அதை ட்ரூ ஏர்ஸ்பீடாகவே எடுக்கச் சொல்கிறார்கள். உயரத்திலிருந்து மூக்கைத் தாழ்த்தி இறங்கும்போது இண்டிகேட்டரில் இன்னும் இடம் இருப்பதுபோலத் தெரியும், நிஜத்தில் இருக்காது. அளந்து முடித்து இறங்கும்போது முதலில் த்ராட்டிலை இழுங்கள்.

காற்றாடி76:
குறித்துக்கொண்டேன். தண்ணீர்க் குழாய் போட்டாகிவிட்டது, பேஃபிளில் இடது பின் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது, ஆர்டிவி (சிலிக்கோன் பசை) வைத்து அடைத்தேன். அதற்கே அழுத்த வித்தியாசம் கூடிவிட்டது.

சின்னத் தட்டியில் க்ரூஸ் 0.9 நாட் கூடியது, ஏறும்போது வெயில் நாள் திருத்தத்துடன் 418. பெரிய தட்டியில் மேலும் 0.3, ஆனால் திருத்திய சிஎச்டி 441. பெரியதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வாலாட்டி:
0.3 உங்கள் தடிமனுக்குள்ளேயே இருக்கிறது, அதை எண்ணாகவே எடுக்க வேண்டாம். சின்னத் தட்டியின் 0.9-ஐயும் ஒரு முறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கேனார்ட்காரன்:
ஆகஸ்டில் இன்னொரு முறை ஏறிப் பார்த்து, திருத்தக் கணக்கு சரிதானா என்று எழுதுங்கள். பக்கத்தில் பறக்க ஆள் கிடைத்தால் அதையும்.

காற்றாடி76:
எங்கள் ஏர்ஃபீல்டிலேயே ஒரு ஆர்வி-8 இருக்கிறது, ஓட்டுபவர் ஃபார்மேஷன் பயிற்சி எடுத்தவர். கேட்டிருக்கிறேன், சம்மதித்தால் நானும் அவரிடம் முதலில் பயிற்சி எடுத்துக்கொண்டு அப்புறம் பறக்கலாம் என்று பேச்சு. வாலாட்டி, அந்த எக்செல் ஷீட்டை இங்கேயே ஏற்றிவிடுங்கள்.